சாம்பிள் ரூமில் பூட்டி வைக்கப்படும் கேமரா

கேமராவை எடுக்க வேண்டுமென்றால் போட்டோ அறைக்குப் போகாமல் ஏன் சாம்பிள் ரூமுக்குப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று போட்டோ வேலைக்குப் புதிதாக வந்த நீங்கள் மூவரும் என்னைக் கேட்டீர்கள். என் கடைசி வேலை நாளில், கேக் வெட்டுவதற்குச் சரியாக ஐந்து நிமிடம் முன்னால் கேட்டீர்கள். ஐந்து நிமிடத்தில் முடிகிற பதில் அல்ல, எழுதித் தருகிறேன் என்றேன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். அந்த வருடத்து நாட்குறிப்பும் எதிரிலேயே இருக்கிறது. அதில் ஒரு பக்கம் மட்டும் மற்றவற்றைவிடத் தடித்திருக்கும். காரணம் பின்னால் வரும்.

என் அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலையில் இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதி எழுதி, வீட்டில் பால் பொங்கிய நேரத்தைக்கூட எழுதுவார். அந்தப் பழக்கம் எனக்கும் வந்தது. ஆம்பூரில் ஷூ தொழிற்சாலையில் தையல் பிரிவில் சேர்ந்த நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். தையலில் பதினொரு ஆண்டுகள். பிறகு ஷூக்களைப் படம் எடுத்து வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் வேலை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று நினைப்பீர்கள். இருப்பதால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

நம் கேமரா எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பார்க்கும் பழைய ஸ்டுடியோ கேமரா. முன்னால் லென்ஸ் பலகை, பின்னால் ஃபிலிம் பலகை, நடுவே மடிப்பு மடிப்பாகத் தோல் துருத்தி. வேலூரில் மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து வந்தது. லென்ஸ் பலகையைச் சற்று முன்னால் சாய்த்தால் போதும், ஷூவின் முனையிலிருந்து குதிகால் வரை ஒரே படத்தில் துல்லியமாக விழும். சாதாரண கேமராவில் முனை தெளிவாக இருந்தால் குதிகால் பனிமூட்டத்தில் இருக்கும். ஃபிலிம் கழுவ ஆள் இல்லாமல் போனபோது, பின்பலகையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு டிஜிட்டல் கேமராவைப் பொருத்தினால் என்ன என்று தோன்றியது.

முதல் பலகையை ஷூவுக்குள் போடும் இன்சோல் அட்டையில் வெட்டினேன். ரப்பர் சொல்யூஷன் போட்டு ஒட்டினேன். பார்க்க அழகாக இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு உள்ளே மொபைல் டார்ச்சை வைத்துப் பார்த்தால், பலகை கார்த்திகை தீபம்போல நான்கு பக்கமும் ஒளிர்ந்தது. அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மெயின்டனன்ஸ் பிரிவில் சொல்லி அலுமினியத்தில் ஒன்று செய்து வாங்கினேன். ஒளி கசிவது நின்றது.

அப்போதுதான் துருத்தி மக்கர் செய்தது. பழைய ஃபிலிம் உள்ளங்கை அளவு. டிஜிட்டல் கேமராவுக்குள் படம் விழும் சென்சாரோ தபால்தலை அளவு. படம் விழும் இடம் சிறிதானால் லென்ஸும் சிறிதாக வேண்டும். சிறிய லென்ஸ் சென்சாருக்கு மிக அருகே வர வேண்டும். பல வருடம் ஸ்டுடியோ மூலையில் விறைத்துக் கிடந்த துருத்தி அவ்வளவு தூரம் மடங்க மறுத்தது. அழுத்தினால் பொறுத்துக்கொண்டு, நான் கையை எடுத்ததும் லென்ஸைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கும். அதற்குப் பதில் மடிப்பே இல்லாமல், பை மாதிரி தொளதொளவென்று ஒரு துருத்தி வேண்டும். கையுறை அளவுக்கு மென்மையான தோல், இரண்டு பக்கமும் கறுப்பு. சாயம் மேலே மட்டும் ஏறிய தோல் என்றால் உள்பக்கம் வெளுத்திருக்கும், அதில் பட்ட ஒளி சிதறிப் படத்தைக் கெடுத்துவிடும்.

கறுப்புத் தோலுக்கு ஆம்பூரில் அலைய வேண்டியதில்லை. நேரே சாம்பிள் ரூமுக்குப் போனேன்.

சாம்பிள் ரூம் பொறுப்பாளர் ரபீக் பாயை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அன்றைய பாய் வேறு. இன்று உங்களை மிரட்டுகிற பாய்க்கு அன்று ஒரு மெமோ வந்திருந்தது. முந்தைய சீசனில் ஒரு சாம்பிளின் ஓரத்தை எலி கடித்துவிட்டது. எலிக்கு மெமோ கொடுக்க முடியாததால் பாய்க்குக் கொடுத்தார்கள். இன்னொரு சாம்பிளுக்கு ஏதாவது ஆனால் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று மேனேஜர் அதில் எழுதியிருந்தார். பத்தொன்பது வருடம் அந்த அறையைப் பார்த்துக்கொண்டவர், அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

நீங்கள் புதியவர்கள் என்பதால் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆர்டர் முடிவாகும்போது வாடிக்கையாளர் ஒரு தோலைத் தேர்ந்தெடுத்து முதுகுக்கோட்டில் இரண்டாக வெட்டுவார். ஒரு பாதி அவரிடம், ஒரு பாதி நம்மிடம். நம் பாதியில் ஒரு அட்டை கட்டியிருக்கும். அதன் ஒரு பக்கம் எண், மறுபக்கம் அவர்கள் சார்பில் தரம் பார்க்கும் க்யூ.சி. அதிகாரியின் கையெழுத்து. ஆர்டருக்கான மொத்தத் தோலும் அந்தப் பாதியோடு ஒத்துப்போக வேண்டும். அது இல்லையென்றால் ஒரு தோலும் பாஸ் ஆகாது.

வெள்ளிக்கிழமை. நாட்குறிப்பில் உள்ளபடி, மதியம் 12.50. பாய் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தொப்பியைத் தேடிக்கொண்டே, மேசைமேல் கிடக்கும் கறுப்பில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். காலையில் நிறம் பார்ப்பதற்காக அலமாரியிலிருந்து கையெழுத்துப் போட்ட பாதியை எடுத்து அதே மேசையில் வைத்தது அவருக்கு நினைவில்லை. ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது.

மேசையில் ஆறு தோல்கள். நம் ஊர்க்காரர்கள் தோலை எப்படித் தேர்ந்தெடுப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். கண்ணை மூடிக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுவோம். ஆறையும் உருட்டினேன். ஐந்து, தோல். ஆறாவது, வெண்ணெய். அதை எடுத்துக்கொண்டேன். எந்தத் தோலைத் தொடக்கூடாதோ அதைக் கண்டுபிடிக்க இதைவிட நிச்சயமான வழி இல்லை. மேசையில் இருப்பதிலேயே நல்லதைத்தானே வாடிக்கையாளரும் தேர்ந்தெடுத்திருப்பார்?

தையல் பிரிவுக்காரியின் முறைப்படி மேல்பக்கத்தில் உண்ணிக்கடி, கீறல் இருக்கிறதா என்று இருபது நிமிடம் பார்த்தேன். வாலருகே கட்டியிருந்த அட்டையை வெட்டி எடுத்து, ஒழுங்காக அன்றைய பக்கத்தில் எண் தெரியும்படி ஒட்டினேன். பசை தடவும்போது பின்பக்கம் ஏதோ கோணல்மாணலாகத் தெரிந்தது. பாய் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்திருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருக்கலாம். நாட்குறிப்பில் அதையும் எழுதிவைத்தேன்.

மாலைக்குள் என் பழைய மிஷினிலேயே உட்கார்ந்து தைத்து முடித்தேன். மேல்பக்கம் லேசாகப் பளபளக்கும் என்பதால் அதை வெளியே வைத்து, சொரசொரப்பான சதைப்பக்கத்தை உள்ளே திருப்பினேன். சனிக்கிழமை எடுத்த முதல் படத்தில் ஷூவின் ஒவ்வொரு தையலையும் எண்ண முடிந்தது. எண்ணினேன்.

திங்கட்கிழமை காலை 9.10. செவ்வாய் பத்து மணிக்கு க்யூ.சி. அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. பாய் அலமாரியைத் திறந்தார். கறுப்புப் பாதி இல்லை.

அடுத்த ஏழு மணி நேரத்தை நான் பெருமையோடு நினைப்பதில்லை. ஏனென்றால் அந்தத் தேடலை நடத்தியதே நான்தான். மேனேஜர் பதற்றத்தில் எல்லோரையும் எல்லா இடத்துக்கும் அனுப்ப, ஒரே குடோனை நான்கு பேர் தேடினார்கள். நான் ஒரு தாள் எடுத்துக் கட்டம் போட்டேன். இடம், தேடியவர், நேரம், முடிவு. முப்பத்தோரு இடங்கள். முடிவு என்ற பத்தி முழுக்க 'இல்லை'. தையல் பிரிவுப் பெண்கள் தங்கள் சாப்பாட்டுப் பைகளைத் திறந்து காட்டினார்கள். கான்டீனில் ஆட்டுக்கால் பாயாவுக்கு வைத்திருந்த குண்டானைக்கூட ஒருவர் கிளறிப் பார்த்தார். தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், அந்தக் காலி அலமாரியைப் படம் எடுங்கள் என்று மேனேஜர் சொன்னார். கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, லென்ஸைச் சாய்த்து, பன்னிரண்டு படம் எடுத்தேன். காணாமல் போன தோலை, அந்தத் தோல் வழியாகவே படம் எடுத்திருக்கிறேன். படங்கள் மிகத் துல்லியம்.

பாய் எனக்காக ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கை துருத்திமேல்தான் இருந்தது. பதற்றத்தில் அதைத் தடவிக்கொண்டே, "பேஜாராப் போய்டுச்சுக்கா. பொண்ணுக்கு இந்த மாசம்தான் காலேஜ் சேர்த்திருக்கேன்" என்றார். கொஞ்சம் கழித்து, "இந்தத் தோலு நல்லாருக்குது. எங்க புட்ச்சீங்க?" என்று கேட்டார்.

"உங்ககிட்டதான் பாய்" என்றேன். இரண்டு பேருக்கும் அப்போதும் உறைக்கவில்லை.

4.40. எல்லோரும் சாம்பிள் ரூமில் நின்றுகொண்டிருந்தோம். கடைசியாக எப்போது பார்த்தாய் என்று மேனேஜர் பாயைப் பத்தாவது முறையாகக் கேட்டார். இந்த முறைதான் பாய்க்கு நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை, தொழுகைக்கு முன், மேசைமேல் என்றார். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் நான் இங்கே இருந்தேனே, எழுதியிருப்பேனே என்று நாட்குறிப்பை எடுத்துவந்து, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன்.

"பன்னிரண்டு ஐம்பது. ரபீக் பாய் தொழுகைக்குக் கிளம்பினார். மேசையிலிருந்த ஆறு கறுப்புத் தோல்களில் மிக மென்மையான ஒன்றை எடுத்துக்கொண்டேன். பாதித் தோல். முதுகுக்கோட்டில் நேர்த்தியாக வெட்டப்பட்டது. அட்டை இணைப்பு..."

'இணைப்பு' என்ற சொல்லில் குரல் நின்றுவிட்டது. எல்லோரும் மெதுவாகத் திரும்பிக் கேமராவைப் பார்த்தார்கள்.

பாய் போய் அதன் அருகில் நின்றார். துருத்தியை இரண்டு விரலால் உருட்டினார். கண்ணை மூடினார். "அதேதான்" என்றார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். தவறு செய்வது ஐந்து நிமிட வேலை, அதற்கு அனுபவம் தேவையில்லை. அதற்கு அடுத்த அரைமணி நேரத்தில் என்ன செய்கிறோம் என்பதுதான் கஷ்டம்.

முதலில் எல்லோருக்கும் தோன்றியது, பிரித்துவிடலாம் என்பது. நான் தையல்காரி, எனக்குத் தெரியும். துணியில் ஊசி போன இடம் துவைத்தால் மூடிக்கொள்ளும். தோலில் போன இடம் போனதுதான். மொத்தம் நானூறு துளைக்குக் குறையாது.

இரண்டாவது யோசனை மேனேஜருடையது. குடியாத்தத்துக்காரர். அவர் வீட்டில் லுங்கி நெசவு. பாவில் ஓர் இழை அறுந்தால் தெரியாமல் முடிச்சுப் போட்டு ஓட்டிவிடும் திறமை அவருக்குப் பரம்பரையாக வந்தது. கதவைச் சாத்தினார். "அட்டை இருக்குதுல்ல? ஆவி காட்டிப் பிரிச்சு எடுங்க. இதே மாதிரி வேற ஒரு கறுப்புல கட்டிடலாம். கறுப்புன்னா கறுப்புதானே" என்றார்.

எனக்கு உடனே மறுக்கத் தோன்றவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பாயின் வேலை நிற்கும், என் மானம் நிற்கும், ஒருவருக்கும் தெரியாது. கெட்டிலை யாரோ ஆன் செய்துவிட்டார்கள். நான் பாயைப் பார்த்தேன். அவர் சரி என்றால் நானும் சரி என்றிருப்பேன்.

பாய் அந்தத் துருத்தியிலிருந்து கையை எடுக்கவில்லை. "அட்டையை வேற தோல்ல கட்டலாம் சார். அவர் கையை எங்க கட்டுறது?" என்றார். "நான் உருட்டிப் பார்த்தே கண்டுபுட்ச்சேன். அவர் நம்மைவிட ஜாஸ்தி. அப்புறம் போறது என் வேலை மட்டும் இல்ல, கம்பெனி பேரு."

வேலை போகப்போகிறவரே அப்படிச் சொல்லிவிட்டார். கெட்டிலில் டீ போட்டுக் குடித்தோம். கேமராவைக் கழற்றாமல் அப்படியே அதிகாரி முன் வைப்பது, நாட்குறிப்பையும் கூட வைப்பது என்று நான் சொன்னேன். மேனேஜர் ஒத்துக்கொண்டார். ஆனால் அதிகாரி என்ன சொன்னாலும் பாயின் சாவி நாளை தன் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய் 10.05. க்யூ.சி. அதிகாரி சென்னையிலிருந்து வருபவர். அதிகம் பேச மாட்டார். சிரித்து யாரும் பார்த்ததில்லை. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் மேசை போட்டிருந்தோம். அவர் பையிலிருந்து தம் பாதியை எடுத்து விரித்தார். நான் ஸ்டாண்டோடு கேமராவைத் தூக்கிவந்து அவர் எதிரில் நிறுத்தினேன்.

அவர் கேமராவைப் பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். கையால் தலைமுடியை ஒருமுறை படிய வாரினார். "படம் அப்புறம் எடுத்துக்கலாம் மேடம். முதல்ல சாம்பிளைக் கொண்டு வாங்க" என்றார்.

"இதுதான் சார் சாம்பிள்."

நான் நாட்குறிப்பை விரித்து அவர் முன் வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெள்ளிக்கிழமைப் பக்கத்தை முதல் வரியிலிருந்து படித்தார். என் காலை ரயில் நான்கு நிமிடம் தாமதமானதையும், மதியம் நான் சாப்பிட்ட புளிசாதத்தில் உப்பு கம்மி என்பதையும் தாண்டித்தான் அவர் தோலுக்கு வர முடிந்தது. அந்த நேரம் முழுக்க பாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சாவிக்கொத்து கையில் இருந்தது.

ஒரு வரியில் அதிகாரியின் விரல் நின்றது. "அட்டையின் பின்பக்கம் பேனா கிறுக்கல்" என்று மெதுவாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"கிறுக்கல் இல்ல மேடம். என் கையெழுத்து."

மேனேஜர் இருமினார். பிறகு அதிகாரி எழுந்து, பின்னாலிருந்த டிஜிட்டல் கேமராவைக் கழற்றச் சொன்னார். லென்ஸையும் கழற்றச் சொன்னார். நடுவில் துருத்தி மட்டும் தொங்கியது. அவர் அதற்குள் மணிக்கட்டுவரை ஒரு கையை விட்டார். இன்னொரு கையில் ஆர்டர் தோலை ஒவ்வொன்றாக வாங்கினார். கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் உருட்டினார். கன்றுக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவர்போல நின்ற அந்தக் கோலத்தை நான் படம் எடுக்கவில்லை. எடுத்திருக்க முடியாது. கேமராதான் அவர் கையில் மாட்டியிருந்ததே.

நாற்பது தோலில் மூன்றை ஒதுக்கினார். மற்றதெல்லாம் பாஸ். துருத்தியை எத்தனை முறை மடக்கி விரித்தீர்கள் என்று கேட்டார். நாட்குறிப்பைப் பார்த்து, நூற்று நாற்பத்தொரு முறை என்றேன். மடிப்புகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு வெடிப்பும் இல்லை. "பரவாயில்ல. லேப்ல பண்ற டெஸ்ட்டை நீங்களே பண்ணிட்டீங்க" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. மேனேஜருக்கும் வந்தது. வந்த கையோடு, இந்த அஜாக்கிரதைக்குக் காரணமானவரைப் பொறுப்பிலிருந்து எடுக்கப்போகிறோம் என்று தொடங்கினார். பாய் சாவிக்கொத்தை மேசையில் வைத்தார்.

அதிகாரி அதைப் பார்க்கவேயில்லை. தம் படிவத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். "சாம்பிள் எந்த ரூபத்துல இருந்தாலும் சாம்பிள்தான். ஆர்டர் முடியற வரைக்கும் சாம்பிள் ரூம்ல பூட்டி இருக்கணும். பொறுப்பாளர் பேரு போன தடவை ரபீக்னு எழுதியிருக்குது. மாத்தினா புதுசா எல்லாத்தையும் ஆரம்பிக்கணும், தோல் செலக்‌ஷன்ல இருந்து. மாத்தணுமா சார்?"

மாற்ற வேண்டாம் என்று மேனேஜர் சொன்னார். பாய் சாவிக்கொத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எடுத்த வேகத்தில் மேசையில் கீறல் விழுந்தது. அந்தக் கீறல் இன்றும் இருக்கிறது.

ஒன்று மட்டும் பாக்கி. துருத்தியில் அட்டையைக் கட்ட வழியில்லை, ஆகவே தோலிலேயே கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அதிகாரி. தோலில் கையெழுத்து எப்போதும் சதைப்பக்கம்தான் போடுவது. சதைப்பக்கம் துருத்தியின் உள்ளே இருந்தது. கறுப்பின்மேல் தெரிய வெள்ளிப் பேனாதான் வேண்டும். நான் ஒரு ஒளிப்படக்காரியாகச் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு டார்ச் பிடித்தேன். அவர் உள்ளே தலையை விட்டு, பெரிதாக, நிதானமாக, ஒரு எழுத்தும் விட்டுப்போகாமல் கையெழுத்துப் போட்டார். இந்த முறை யாரும் அதைக் கிறுக்கல் என்று நினைத்துவிடக்கூடாது என்று முடிவு செய்திருந்தார் போலிருக்கிறது.

அன்று முதல் கேமரா சாம்பிள் ரூமில். மறுநாள் காலை 9.00 மணிக்குப் போனேன். பாய் புதுப் பதிவேடு ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தார். பொருள், எடுத்தவர், நேரம், திரும்பும் நேரம். என்னிடமிருந்து கற்றதுதான்.

"எத்தனை மணிக்குத் திரும்பும்க்கா?"

"மதியம் கொண்டாந்து வைக்கிறேன் பாய்."

"மதியம்னா இன்னா? பன்னெண்டு ஐம்பதா?"

அந்த ஆர்டர் முடிந்து எத்தனையோ சீசன் போய்விட்டது. வெள்ளிக் கையெழுத்தில் பட்டுச் சிதறும் ஒளி ஒவ்வொரு படத்தின் கீழ் வலது மூலையிலும் நகக்கண் அளவு வெளுப்பாக விழுகிறது. நம் கேட்டலாக் படங்களில் அந்த மூலையை ஏன் வெட்டிவிடுகிறோம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதற்கும் பதில் இதுதான். ஒருநாள் கறுப்புச் சாயமும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு போனேன். சாம்பிளை அழிக்கவோ, அறையிலிருந்து விடுவிக்கவோ மூன்று கையெழுத்து வேண்டும், அதில் ஒன்று கையெழுத்துப் போட்டவருடையது என்று பாய் விதியைக் காட்டினார். அந்த அதிகாரி எப்போதோ வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டேன்.

இனி கேமரா உங்களுடையது. நாளைக் காலை பாயிடம் போங்கள். நேரத்தைச் சரியாகச் சொல்லுங்கள், மதியம், சாயங்காலம் என்றெல்லாம் சொல்லாதீர்கள். வாங்கியதும் தூசி இருக்கிறதா என்று லென்ஸைக் கழற்றித் துருத்திக்குள் பார்ப்பீர்கள். பார்க்கத்தான் வேண்டும். உள்ளே வெள்ளியாக ஒரு கோடு தெரியும். பஞ்சையும் ஸ்பிரிட்டையும் எடுக்கப் போகாதீர்கள். அது பேனா கிறுக்கல் அல்ல.